ஜெபத்தில் முட்டாக்கு: கட்டளையா, வழக்கமா?

குழித்துறை ஜெனி:
ஸ்தோத்திரம். சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்த பெண் மார்த்தாண்டம் பக்கம் மலங்கரை கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளாகப் போகிறாள். சி.எஸ்.ஐ.யில் முட்டாக்கு, அதாவது முக்காடு, போடுகிறவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. அங்கே குர்பானா (திருப்பலி) முடியும்வரை தலையில் துணி இருக்க வேண்டும் என்கிறார்கள். 1 கொரிந்தியர் 11 இதை எல்லா சபைக்கும் கட்டளையாகச் சொல்கிறதா? 15-ம் வசனத்தில் தலைமயிரே முக்காடாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று வருகிறதே? இன்னொன்று, பட்டுச்சேலையில் முந்தி நழுவாமல் நிற்க என்ன வழி?

கொல்லங்கோடு தானியேல்:
சிஸ்டர், 15-ஐ மட்டும் பிடித்துக்கொண்டால் 6-ம் வசனம் இடிக்கும். "முக்காடிட்டுக்கொள்ளாவிட்டால் தலைமயிரையும் கத்தரித்துப்போடக்கடவள்" என்று இருக்கிறது. அந்த "மயிரையும்" என்பதில் உள்ள "உம்"மைக் கவனியுங்கள். மயிர்தான் முக்காடு என்றால், மயிர் இல்லாதவள் மயிரையும் வெட்ட வேண்டும் என்று ஆகிவிடும். கிரேக்கத்திலும் இரண்டு இடத்தில் ஒரே சொல் இல்லை. 6-ல் மூடுவதைக் குறிக்கும் வினை. 15-ல் பெரிபோலையோன், அதாவது சுற்றிப் போர்த்தும் துணி. 10-ம் வசனத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு "முக்காடிட்டுக்கொள்ளவேண்டும்" என்கிறது; மூலத்தில் இருப்பது எக்ஸூசியா, "அதிகாரம்" என்ற சொல்.

5-ம் வசனத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெண் சபையில் ஜெபம்பண்ணுவாள், தீர்க்கதரிசனம் சொல்லுவாள் என்பதை வைத்துத்தான் பவுல் பேச்சையே தொடங்குகிறார். முட்டாக்கு போடச் சொல்லிவிட்டு அவள் வாயை அடைக்கிற சபை, அந்த வசனத்தில் பாதியைத்தான் வாசித்திருக்கிறது. 4-ம் வசனம் ஆணுக்கு: தலையை மூடி ஜெபிக்கக் கூடாது. கொரிந்து கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் ரோமக் குடியேற்றமாகத் திரும்ப நிறுவிய ஊர். ரோம ஆண்கள் பலியிடும்போது மேலங்கியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வார்கள். அதோடு சேர்த்துப் படித்தால்தான் 4-ம் வசனம் விளங்கும். இருந்தாலும் பவுல் காட்டுகிற காரணம் சிருஷ்டிப்பும் தூதர்களும். ஊர் வழக்கத்தை மட்டும் அவர் காட்டவில்லை. ஆகவே கட்டளை இன்றும் நிற்கிறது என்றே நான் வாசிக்கிறேன்.

மேல்புறம் ரோசம்மா:
தானியேல் அண்ணா, "உம்"மைப் பற்றிச் சொன்னது சரி. கட்டளை என்பதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. 13-ல் "உங்களுக்குள்ளே நிதானித்துக்கொள்ளுங்கள்" என்கிறார், 16-ல் "வழக்கம்" என்ற சொல்லோடு முடிக்கிறார். அந்தந்த சபை மரியாதை என்று எதை வைத்திருக்கிறதோ அதுதான் இங்கே விஷயம்.

ஜெனிக்கு ஒரு எச்சரிக்கை. "லத்தீன் கோயிலில் யாரும் போடுவதில்லையே" என்று அந்த வீட்டில் வாதாட வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917 சட்டத்தொகுப்பில் 1262-ம் விதி பெண்கள் தலையை மூட வேண்டும் என்றது. 1976-ல் ரோம் வெளியிட்ட ஆவணம் அதற்கு இனிக் கட்டாயம் இல்லை என்றது. 1983 தொகுப்பில் அந்த விதியே இல்லை. ஆனால் இதெல்லாம் லத்தீன் சபைக்கு. மலங்கரை கீழைத் திருச்சபை. 1930-ல் ரோமோடு இணைந்தாலும் சுறியானி (சிரியாக்) வழிபாட்டு முறையை விடவில்லை. அவர்களுக்கென்று 1990-ல் வந்த கீழைச் சட்டத்தொகுப்பு தனி.

தோள்சீலைப் போராட்டத்தையும் இதோடு குழப்புகிறார்கள். 1859-ல் திருவிதாங்கூர் அரசுப் பிரகடனம் வரும்வரை நம் பாட்டிமார் பட்ட பாடு மார்பை மறைக்கும் உரிமைக்காக. அது உடுத்தும் உரிமை, இது ஜெபத்தின் ஒழுங்கு. அன்று "போடாதே" என்றவர்களோடு மல்லுக்கட்டிய ஊரில், இன்று "போடு" என்று ஒரு பெண்ணை வாசலில் நிறுத்தி அவமானப்படுத்துவது என் மனசுக்கு ஆகாத காரியம். நோயில் முடி கொட்டித் தலையில் துணி கட்டி வருகிறவளிடம் விசாரணையே கூடாது.

களியக்காவிளை ஸ்டெல்லா:
முந்திக்கு வருகிறேன். நழுவுவதற்குப் பாதிக் காரணம் சேலை கட்டும் விதம்தான். அஞ்சாறு மடிப்பாக அடுக்கித் தோளில் குத்திவிட்டால் தலைக்கு ஏற்றத் துணி இருக்காது. இழுக்க இழுக்க ஊக்கு ரவிக்கையைக் கிழிக்கும். கொசுவத்தில் ஒரு மடிப்பைக் குறையுங்கள், முந்தியில் ஒரு சாண் கூடும். முந்தியை ஒற்றையாக விட்டு, இடது தோளில் கைப்பக்கத்து ஓரத்தில் ஒரே ஒரு ஊக்கு. கழுத்துப்பக்கம் விட்டே இருக்கட்டும். முதுகில் தொங்குவதைத் தலைக்கு மேல் ஏற்றி, நுனியை வலது தோள் வழியாக முன்னால் போடுங்கள்.

உச்சிக்கொண்டை போட்டால் துணி கூடாரம்போல் நின்று பின்னால் சரியும். பிடரியில் தாழ்வாகக் கொண்டை போட்டு, நெற்றி முடியிலிருந்து மூணு விரல் தள்ளித் துணியை வையுங்கள். எண்ணெய் தேய்த்த தலையில் பட்டு நிற்கவே நிற்காது. முந்தின நாளே தேய்த்து அலசிவிட வேண்டும். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் ஸ்லைடு ஒன்று, துணியின் உள்மடிப்போடு முடியையும் சேர்த்து. சரிகையில் குத்தினால் இழை பிரியும். குனிந்து எழும்போது நுனி முழங்காலுக்கு அடியில் சிக்கினால் மொத்தமும் இறங்கிவிடும், முதலில் கையால் நுனியை எடுத்துவிட்டு எழுந்திருங்கள்.

சுடிதாருக்கு இரண்டரை மீட்டர் பருத்தி ஷால் போதும். மெழுகுவர்த்தி ஏந்துகிற நாளில் நைலான், ஜார்ஜெட் வேண்டவே வேண்டாம். தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டும்.

குழித்துறை ஜெனி:
ரொம்ப நன்றி. வீட்டில் குடும்ப ஜெபத்துக்கும் போட வேண்டுமா? கல்யாணத்தில் மாப்பிள்ளை தரும் மந்திரகோடிச் சேலையைப் போடும்போது தலையில் நெட்டு (மணப்பெண்ணின் வலைத்துணி) இருக்கலாமா?

மேல்புறம் ரோசம்மா:
குடும்ப ஜெபத்துக்கு அந்த வீட்டு மாமியார் என்ன செய்கிறாரோ அதையே செய்யட்டும். ஒரு துவர்த்து (துண்டு) போதும். நெட்டு இருக்கலாம், கல் வைத்த கிரீடம் வேண்டாம். மாப்பிள்ளை மந்திரகோடியைத் தலைமேல் போடும்போது சரிகை அந்தக் கல்லில்தான் மாட்டும். பின்னால் நிற்கிற பெண் இரண்டு நுனியையும் பிடித்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக, அந்தச் சேலைக்கு முன்கூட்டியே குஞ்சம் கட்டக் கொடுத்துவிடாதீர்கள். அதிலிருந்து ஏழு இழை உருவித்தான் மின்னு (தாலி) கோர்ப்பார்கள். குஞ்சம் கட்டிவிட்டால் நுனியில் உருவ இழை கிடைக்காது.