லப்-டப்: வால்வு இதழ்கள் மோதுவதால்தான் சத்தம் வருகிறதா?

கேள்வி
வணக்கம். நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வால்வு மூடும் சத்தம்தான் லப்-டப் என்று பாடத்தில் இருக்கிறது. இதழோ அவ்வளவு மெல்லியது. அது மூடுவது மார்புக்கு வெளியே எப்படிக் கேட்கும்? இன்னொன்று: மார்பெலும்புக்கு இடப்பக்கம் மேலே ஸ்டெதாஸ்கோப் வைத்தால் சிலருக்கு ‘டப்’ இரண்டாகப் பிளந்து கேட்கிறது. அது கோளாறா?

பதில் 1
இதழோடு இதழ் மோதுவதை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. ஓடும் தண்ணீர்க் குழாயைச் சட்டென அடைத்தால் குழாயே ‘டக்’கென்று அதிருமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கீழறை சுருங்கியதும் ரத்தம் மேலறைப் பக்கம் திரும்பப் பார்க்கும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூடி, இதழ்களைப் பிடித்திருக்கும் நார்கள் விறைத்து, ரத்தம் திடீரென நிற்கும். அப்போது இதழ், நார், அறைச்சுவர், ரத்தம் எல்லாம் சேர்ந்து அதிர்வதுதான் லப்.

கீழறை தளரும்போது பெருந்தமனியிலும் நுரையீரல் தமனியிலும் ரத்தம் பின்வாங்கி அந்த வால்வுகளை மூடும். தமனிச் சுவரும் சேர்ந்து அதிரும். அது டப். இந்த இதழ்கள் இறுக்கமானவை; அதனால் டப்புக்குச் சுருதி அதிகம், நீளம் குறைவு. லப் சுமார் 0.14 நொடி, டப் 0.11 நொடி. நல்ல இதயத்தில் வால்வு திறக்கும் சத்தம் காதில் விழாது.

பதில் 2
பிளவு கேட்கும்போது நோயாளியின் மூச்சைக் கவனியுங்கள். மூச்சை உள்ளே இழுத்தால் வலது கீழறைக்குக் கூடுதல் ரத்தம் வரும். அதைத் தள்ளி முடிக்க நேரம் பிடிப்பதால் நுரையீரல் தமனி வால்வு பெருந்தமனி வால்வைவிடப் பிந்தி மூடும்; அதனால்தான் டப் இரண்டாகக் கேட்கிறது. மூச்சை விட்டதும் இரண்டும் ஒன்றாகிவிடும். இப்படி இருந்தால் இயல்பு. குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் நன்றாகவே கேட்கும். மூச்சைப் பிடித்து நிறுத்தச் சொல்லாதீர்கள், வித்தியாசம் மறைந்துவிடும்.

இழுத்தாலும் விட்டாலும் பிளவு அகலமாக, மாறாமல் நின்றால் மேலறைச் சுவரில் ஓட்டை இருக்கிறதா என்று எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்க வேண்டும். மூச்சை விடும்போது மட்டும் பிளந்தால் முறை தலைகீழாகிவிட்டது என்று பொருள்: பெருந்தமனி வால்வு பிந்துகிறது. இடது கற்றை அடைப்பில், அதாவது இடது கீழறைக்கு மின்தூண்டல் போகும் பாதை தடைபட்டால், அப்படி நடக்கும்; ஈசிஜியில் தெரிந்துவிடும்.

கேட்டவர்
மிக்க நன்றி. துடிப்பு வேகமாக இருந்தால் எது லப், எது டப் என்றே குழம்புகிறதே?

பதில் 1
இடைவெளியை நம்பாதீர்கள். நிமிடத்துக்கு 75 துடிப்பில் சுருங்கும் காலம் (லப் முதல் டப் வரை) சுமார் 0.3 நொடி, தளரும் காலம் (டப் முதல் அடுத்த லப் வரை) 0.5. வேகம் கூடினால் தளரும் காலம்தான் அதிகம் குறையும்; இரண்டு இடைவெளியும் ஒன்றுபோல ஆகிவிடும். கழுத்துத் தமனியில், ஒரு பக்கம் மட்டும், மெதுவாக விரல் வையுங்கள். துடிப்பை ஒட்டி வருவது லப். மணிக்கட்டு நாடி வேண்டாம். அது பிந்தி வரும்.

பதில் 2
ஒன்று சேர்க்கிறேன். ருமாட்டிக் காய்ச்சலால் ஈரிதழ் வால்வு சுருங்கியவர்களுக்கு லப் உரத்துக் கேட்கும். டப்புக்குப் பின் வால்வு திறக்கும் ‘டிக்’, அதையடுத்துத் தாழ்ந்த உறுமல். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இதய நுனியில் ஸ்டெதாஸ்கோப்பின் பெல் (கிண்ணம் போன்ற) பக்கத்தை லேசாக வையுங்கள். அழுத்தினால் தோல் இழுபட்டு டயாஃப்ரம் (ஸ்டெதாஸ்கோப்பின் தட்டையான சவ்வு) போல ஆகிவிடும். உறுமல் காணாமல் போகும். பலர் தவறவிடுவது இங்கேதான்.