சுண்டலை வேண்டாம் என்றால் என்னையே வேண்டாம் என்றா அர்த்தம்?

மாடிவீட்டுக்காரி:
நவராத்திரி வெள்ளிக்கிழமை. கொலுவுக்குப் படைத்த கொண்டைக்கடலைச் சுண்டலை எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, வாழையிலைத் துண்டால் மூடி எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனேன். பதினோரு ஆண்டுப் பழக்கம். அந்த அக்கா இப்போது ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். "படைத்ததா?" என்றார். "ஆமாம் அக்கா." "தப்பாக எடுத்துக்கொள்ளாதே, எங்களுக்குக் கூடாது." அவர் கதவைச் சாத்தவில்லை, நான்தான் திரும்பிவிட்டேன். டிசம்பரில் அவர் தரும் பிளம் கேக்கை ஒரு வருடம்கூட நான் மறுத்ததில்லை.

பாளையங்கோட்டையான்:
நான் அந்த அக்கா கட்சி. எருசலேமில் கூடிய அப்போஸ்தலரே விக்கிரகங்களுக்குப் படைத்ததை விலக்கச் சொன்னார்கள். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம். வாசலில் சிரித்துக்கொண்டே வாங்கி, உள்ளே போனதும் குப்பையில் கொட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அக்கா உங்களை ஏமாற்றவில்லை தங்கச்சி.

அந்தோணியார் தெரு:
அண்ணாச்சி, அதோடு நிறுத்திவிட்டீர்களே. கொரிந்து பட்டணத்தில் கோயிலில் பலியிட்ட இறைச்சி கடைத்தெருவுக்கும் வரும். அதைச் சாப்பிடலாமா என்ற சண்டைக்குத்தான் அப்போஸ்தலர் பவுல் அங்குள்ள சபைக்குப் பதில் எழுதினார். கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடு, வேற்று மதத்தார் விருந்துக்கு அழைத்தாலும் அப்படியே என்கிறார். அக்கா கேட்டதே பிழை.

பாளையங்கோட்டையான்:
அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். 'இது படைத்தது' என்று ஒருவர் சொல்லிவிட்டால் சாப்பிடாதே என்றும் அவரே சொல்கிறார். இவர்தான் "ஆமாம்" என்றுவிட்டாரே!

அந்தோணியார் தெரு:
அதற்கும் அடுத்த வசனம்? சொன்னவருடைய மனச்சாட்சிக்காக விடு, உன்னுடையதற்காக அல்ல என்கிறார். இங்கே சொன்னவர் மனம் எதனால் நொந்தது? சாப்பிட்டதாலா, மறுத்ததாலா?

கீழத்தெரு:
வசனச் சண்டைக்கு நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். என் ஆச்சி அம்மன் கொடைக்கு வைத்த பொங்கலை மேலத்தெருவில் ஒருவரும் கை நீட்டி வாங்கியதில்லை. சாமி ஒன்றுதான், அரிசியும் ஒன்றுதான். மறுக்க அவர்களுக்கு வசனம் எதுவும் தேவைப்படவில்லை. மதுரைக்கு 1606இல் வந்த இத்தாலியரான டி நோபிலி பாதிரியாரே பூணூலும் சந்தனமும் தரித்து, சமையலுக்குப் பிராமணரை வைத்துக்கொண்டார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அந்தப் பூணூலுக்கு அனுமதியும் கொடுத்தார். யார் கையால் சாப்பிடுவது என்ற கணக்கு அவ்வளவு கெட்டியானது. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அந்த அக்கா உங்கள் வீட்டில் காபி குடிப்பாரா?

மாடிவீட்டுக்காரி:
குடிப்பார். போன வாரம்கூட அடுக்களையில் உட்கார்ந்து குடித்தார். சர்க்கரை போதவில்லை என்று அவரே டப்பாவை எடுத்தார்.

கீழத்தெரு:
அப்படியானால் அவர் தள்ளியது படையலை. உங்கள் கையை அல்ல. என் ஆச்சிக்கு நடந்தது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

நாகூர்க்காரன்:
அல்லாஹ் அல்லாதவருக்குப் படைத்தது எங்களுக்கும் ஆகாது. பக்கத்து வீட்டு அம்மா படைக்கும் முன்பே எங்கள் பங்கைத் தூக்கில் எடுத்துவைத்துவிடுவார். ரமலானில் இறைச்சி போடாத நோன்புக் கஞ்சி அதே தூக்கில் திரும்பிப் போகும். இதைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசியதில்லை.

மாடிவீட்டுக்காரி:
நைவேத்தியத்துக்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்தால் என் மாமியார் வீட்டை இரண்டாக்கிவிடுவார்! தனியாக ஒரு பிடி கடலையை வேறு பாத்திரத்தில் வேகவைக்கலாம். அதற்கு நான் தயார்.

பாளையங்கோட்டையான்:
நல்லது. ஒரு சந்தேகம் தங்கச்சி. அந்த பிளம் கேக்கை நீங்கள் சாப்பிடுவீர்களா?

மாடிவீட்டுக்காரி:
இதைக் கேட்பீர்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். முட்டை சேர்த்தது என்று எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் அப்படியே கொடுத்துவிடுவோம். பதினோரு ஆண்டாக, "கேக் எப்படி இருந்தது?" என்று அக்கா கேட்பார். "ரொம்ப நன்றாக இருந்தது அக்கா" என்பேன்.

பாளையங்கோட்டையான்:
இந்த டிசம்பரில்?

மாடிவீட்டுக்காரி:
தெரியவில்லை அண்ணாச்சி. இன்று சாயங்காலம் அவர் காபிக்கு வருகிறார்.