ஜெர்மன் வகுப்பில் பெரியப்பா மகன் ‘ப்ரூடர்’ ஆகிறான்

கோத்தகிரியில் ஏழாம் வகுப்புக்கு ஜெர்மன் எடுக்கிறேன். ஏ1 எனும் தொடக்க நிலை, 22 பிள்ளைகள். மூன்று வாரமாகக் குடும்ப மரத்திலேயே நிற்கிறோம்.

பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரும் ‘ஓன்கெல்’ (அங்கிள்) என்றால் சிரித்துக்கொண்டே எழுதிவிடுகிறார்கள். சிக்கல் அடுத்த வரிசையில்தான். அத்தை மகனுக்குச் சரியாக ‘கூசேன்’ (கசின்) போடுகிறவர்கள், பெரியப்பா மகனுக்கு ‘ப்ரூடர்’ (உடன்பிறந்த சகோதரன்) போடுகிறார்கள். ஜெர்மனில் அவனும் ‘கூசேன்’தான். அந்தச் சொல்லை அடித்துத் திருத்தினேன். “அண்ணனை எப்படி மிஸ் கசின்னு எழுதறது?” என்று ஒரு சிறுமிக்கு முகமே வாடிவிட்டது. (அவள் கேட்டதும் நியாயம்தான்.)

வண்ண அட்டை, சார்ட், வீட்டுப் புகைப்படம் எல்லாம் பார்த்தாச்சு. பாடநூல் மரத்தில் சரியாக வைக்கிறார்கள்; சொந்த மரம் வரைந்தால் பழைய கதை. அடுத்த திங்கள் வாய்மொழித் தேர்வு வேறு.

சொந்தக் குடும்பத்தை வரையும்போதே ‘ப்ரூடர்’, ‘கூசேன்’ பிரிவு மனதில் நிற்க, வகுப்பில் என்ன செய்யவைக்கலாம்?