நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஊராட்சிகளுக்கு வரும் டைடு (tied), அன்டைடு (untied) மானியங்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

> டைடு: நிபந்தனை மானியம், அன்டைடு: நிபந்தனையற்ற மானியம். இப்படியே வைத்துவிடலாமே?

வணக்கம்.

இந்த இணையை நான் ஏற்கவில்லை. 15ஆவது நிதிக்குழு 2021-26க்கு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்தது 2,36,805 கோடி ரூபாய். அதில் 60 விழுக்காடு டைடு. பாதி துப்புரவுக்கு, பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மீதி 40 விழுக்காடு அன்டைடு. அதற்கும் நிபந்தனை உண்டு: சம்பளத்துக்கும் நிருவாகச் செலவுக்கும் தொடக்கூடாது, பணி அரசமைப்புச் சட்டத்தின் 11ஆவது அட்டவணை ஊராட்சிகளுக்கெனப் பட்டியலிடும் 29 பொருள்களுக்குள் இருக்கவேண்டும். கணக்கை இணையத்தில் ஏற்றாவிட்டால் இரண்டு மானியமுமே வராது. நிலைமை இப்படியிருக்க, 'நிபந்தனையற்ற' என்று எழுதினால், தலைவர் இஷ்டம்போல் செலவழிக்கலாம் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

இரண்டுக்கும் வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: எந்தப் பணிக்கு என்பதை முடிவு செய்வது யார்? டைடில் அது மேலேயே குறித்து வருகிறது. அன்டைடில் ஊர் கூடித் தேர்ந்தெடுக்கலாம். பெயரிலும் இதுதான் தெரியவேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு கிராம சபையில் வரவு செலவு வாசித்தபோது ஓர் அம்மா எழுந்து, "கணக்குல பணம் இருக்குதுல்ல, எங்க தெருவுக்கு நாலு லைட்டு போட முடியாதா?" என்று கேட்டார். "அது டைடுல இருக்குதும்மா, அன்டைடு தீர்ந்துபோச்சு" என்றார் ஊராட்சிச் செயலர். அம்மா உட்கார்ந்துவிட்டார். பதிலில் தப்பில்லை, ஆனால் அவருக்குப் போய்ச்சேரவில்லை. "தண்ணிக்கும் துப்புரவுக்கும்னு குறிச்சு வந்த பணம்மா" என்றிருந்தால், "அப்போ எங்க தெருக் குழாயில ஏன் தண்ணி வரலை?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார். கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான்.

ஆகவே என் பரிந்துரை: டைடு குறித்தபணி மானியம், அன்டைடு ஊர்த்தேர்வு மானியம்.

இந்த இழையில் மற்றவர்கள் முன்வைத்த சொற்களைப் பற்றி. 'பொது மானியம்' வேண்டாம். வீட்டு வரி சேரும் ஊராட்சிக் கணக்குக்கே 'பொது நிதி' என்று பெயர் இருக்கிறது, இரண்டும் குழம்பும். 'விருப்புரிமை நிதி' என்பது ஆளுநர் போன்றோர் தம் விருப்பப்படி வழங்கும் நிதிக்கு ஏற்கெனவே வழங்குகிறது. ஒருவர் விருப்பமும் சபையின் தீர்மானமும் ஒன்றாகா. 'கட்டற்ற நிதி' சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மேலே சொன்ன அதே சிக்கல்.

பேரூராட்சி, நகராட்சிகளுக்கும் இந்தப் பிரிவினை உண்டே, அங்கே 'ஊர்' பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் பொருந்தும். நகரத்தில் இருப்பவரையும் "எந்த ஊர்?" என்றுதானே கேட்கிறோம்?

'மானியம்' வேண்டாம், 'நல்கை' என்போம் என்ற யோசனையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஊராட்சிப் பலகைகளில் 'நிதிக்குழு மானியம்' என்றே எழுதியிருக்கிறது. இப்போதைக்கு அதைத் தொடவேண்டாம். முன்னொட்டு இரண்டையும் முதலில் முடிவு செய்வோம். 'குறித்தபணி'யைவிடச் சுருக்கமாக ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.