காலை வாரும் கார்கள்: எந்தப் பாகம், ஏன், எப்படிக் கண்டுபிடிப்பது

"அந்தக் கம்பெனி வண்டிப் பக்கமே போகாதீர்கள்" என்று மொத்தமாகச் சொன்னால் அடுத்து வாங்குபவருக்கு ஒன்றும் விளங்காது. ஒரே கம்பெனி ஒரு எஞ்சினை உருப்படியாகச் செய்துவிட்டு அடுத்ததில் சொதப்பியிருக்கும். உங்கள் காரின் கோளாறைப் பற்றி எழுதும்போது எஞ்சின் கோடு (அந்த எஞ்சினுக்குக் கம்பெனி வைத்த குறியீடு), கியர்பாக்ஸ் வகை, தயாரித்த ஆண்டு, ஓடிய கிலோமீட்டர், இந்த நான்கையும் சேர்த்தே எழுதுங்கள்.

முதலில் உலர் கிளட்ச் உள்ள இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இந்த கிளட்ச் தகடுகள் ஆயிலில் நனையாமல் காற்றிலேயே சூடு தணிய வேண்டியவை. நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டே இருந்தால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கியபடியே இருக்கும். சூடு ஏறி, தகட்டின் மேல்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாகும். பிறகு 10 முதல் 25 கி.மீ. வேகத்துக்குள் வண்டி உதறும்.

ஃபோர்டின் இந்த வகை கியர்பாக்ஸான பவர்ஷிஃப்டில் (டிபிஎஸ்6) இதோடு இன்னொரு குறையும் சேர்ந்தது. இன்புட் ஷாஃப்ட் சீல் கசிந்து ஆயில் உலர் கிளட்ச் மேலேயே பட்டது. கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டு மாட்யூலும் பழுதானது. உதறலுக்கு ஓட்டும் முறைதான் காரணம் என்று சில வாடிக்கையாளர்களிடம் சொன்னது உட்பட, புகார்களைக் கையாண்ட விதத்துக்காக ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 2018இல் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. சர்வீஸ் சென்டரில் உங்களிடமும் அதே பதிலைச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் உலர் கிளட்ச் கியர்பாக்ஸான டிக்யூ200இல் நோய் வேறு. கியர்பாக்ஸில் இருந்த சிந்தெடிக் ஆயிலால் மின்பகுதியில் ஷார்ட் சர்க்யூட் ஆனதால், 2013இல் வண்டிகளைத் திரும்ப அழைத்து மினரல் ஆயில் மாற்றினார்கள். அதன் மெகாட்ரானிக்கில் (கியரையும் கிளட்சையும் இயக்கும் மின்னணு-ஹைட்ராலிக் பகுதி) அழுத்தம் தேக்கும் அக்யுமுலேட்டர் பொருந்தும் இடத்தில் அலுமினிய உடல் விரிசல் விடுவதும் உண்டு. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி17பிஎஃப் என்ற பிழைக் கோடு (எரர் கோட்) வந்தால் முதலில் அங்கே பாருங்கள். உதறல் எந்த கியரில் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: 1, 3, 5, 7 ஒரு கிளட்சில் ஓடுகின்றன, 2, 4, 6, ரிவர்ஸ் மற்றதில். இதைச் சொன்னாலே மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும்.

வாங்கும் முன் சோதிக்க, அரை மணி நேரமாவது நெரிசலில் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, லேசான மேட்டில் ரிவர்ஸ் போட்டு மெதுவாக ஏற்றிப் பாருங்கள். தேய்ந்த கிளட்ச் அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

* * *

கியர்பாக்ஸைவிட என்னைப் பயமுறுத்துவது ஆயிலுக்குள் ஓடும் டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்கும் பெல்ட்). பியூஜோ, சிட்ரோயன் வண்டிகளின் 1.2 பியூர்டெக், ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட் ஆகிய எஞ்சின்களின் பழைய பதிப்புகளில் இந்த அமைப்பு இருந்தது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து ஆவியாகாமல் தங்கிவிடும். அந்தக் கலவை ரப்பரை ஊறவைக்க, பெல்ட் உப்பி, ஓரம் பிய்ந்து துகளாகும். துகள்கள் சம்ப்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள ஆயில் பம்ப் சல்லடையை அடைத்துவிடும். அதனால் பெல்ட் அறுவதற்கு முன்பே ஆயில் அழுத்தம் விழுந்து எஞ்சின் சாகலாம். பியூர்டெக்கில் துகள்கள் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் வரை போய் பெடல் கல்லாக இறுகுவதும் உண்டு.

பியூர்டெக்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் பெல்ட் தெரியும். வெடிப்பு, நார் பிரிதல், பிசுபிசுப்பு, மூன்றில் ஒன்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். அகலத்தை அளக்க அதற்கென்றே கேஜ் இருக்கிறது. பெல்ட் அதற்குள் நுழையாவிட்டால் உப்பிவிட்டது என்று பொருள்.

ஒரு விஷயத்தை மட்டும் விடாப்பிடியாகக் கேளுங்கள்: பெல்ட் மாற்றும்போது சம்ப்பைக் கழற்றிச் சல்லடையைச் சுத்தம் செய்தார்களா? புதுப் பெல்ட்டைப் போட்டுப் பழைய துகளை உள்ளேயே விட்டால் செலவு செய்தும் பலன் இல்லை. கையேட்டில் சொன்ன தரக்குறியீடு உள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும். 'அதே கிரேடு' என்று கடைக்காரர் சொல்வது போதாது. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் பாதுகாப்பாக ஓரம் கட்டி உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

* * *

டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்றால் ஆயுள் முழுக்கக் கவலையில்லை என்பதும் தவறு. பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம், எஞ்சினின் பின்புறம் இருக்கிறது. செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு தேய்ந்து செயின் தளர்ந்தால் சரிசெய்ய எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கும். அதனால் இந்த எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, பின்பக்கம் கரகரவென்று உரசல் கேட்கிறதா என்று கவனியுங்கள். நீங்கள் போய்ச் சேரும்போதே பானெட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். செயின் நீண்டுபோனால் ஸ்கேனரில் பி0016 போன்ற பிழைக் கோடு வரலாம், ஆனால் சத்தம் பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடும்.

* * *

எஞ்சின் ஆயில் குடித்தால் சர்வீஸ் சென்டரில் சண்டை போடாமல் அளந்து காட்டுங்கள். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் மேல் கோடு வரை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறியுங்கள். 1,000 கி.மீ. ஓடியபின் அதே இடத்தில், அதே முறையில் பாருங்கள். பல கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடைவெளி சுமார் 1 லிட்டர். பாதி இறங்கினால் அரை லிட்டர். கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிட்டு எழுத்தில் கொடுங்கள்.

பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் பிசிவி வால்வை (எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) பாருங்கள். ஐடிலில் ஆயில் மூடி திறக்க முடியாதபடி உறிஞ்சிப் பிடித்தாலோ, விசில் சத்தம் கேட்டாலோ அதன் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கலாம். அது சின்ன வேலை.

மாறாக, ஆயில் சரியாக இருந்தும் வேகத்தோடு கூடும் டொக் டொக் சத்தம் வந்தால் கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டு) பேரிங் போயிருக்கலாம். ஹூண்டாயின் தீட்டா 2 எஞ்சினில் 2015இல் திரும்ப அழைத்ததற்குக் காரணம், கிராங்க்ஷாஃப்ட்டைக் கடைந்தபோது தங்கிய உலோகத் துகள் பேரிங்குக்குப் போகும் ஆயிலை மறித்ததுதான். அதற்கு ஓட்டுநர் எந்த விதத்திலும் பொறுப்பில்லை.

* * *

மின்கோளாறு பற்றிச் சுருக்கமாக. ஒரே நேரத்தில் ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏர்பேக் என எல்லா விளக்கும் எரிந்தால் மாட்யூல் வாங்க ஓடாதீர்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். அது சரியென்றால் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் துருவைச் சுரண்டிவிட்டு மறுபடி பாருங்கள். பேட்டரி தானாக இறங்கினால், வண்டியைப் பூட்டி முக்கால் மணி நேரம் விட்டு, நெகட்டிவ் கேபிளில் மில்லி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது குறைகிறதோ அந்த லைனில்தான் கசிவு.

பழைய கார் பார்க்கும்போது ஓபிடி ஸ்கேனரில் (வண்டியின் கணினியோடு இணைக்கும் கருவி) பிழைக் கோடு ஏதும் இல்லை என்பதோடு நிறுத்தாமல், வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் 'ரெடினெஸ்' பக்கத்தையும் திறங்கள். பல சோதனைகள் முடியாத நிலையில் இருந்தால் அண்மையில் பிழைக் கோடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். இரண்டில் எது என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு, சில நாள் ஓட்டியபின் மறுபடி ஸ்கேன் செய்யச் சம்மதிக்கிறாரா என்று பாருங்கள்.