பெரிய திட்டங்களால் அந்தப் பகுதி மக்களுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

கேள்வி

சாலை, அணை, துறைமுகம், ரயில் பாதை என்று எது அறிவிக்கப்பட்டாலும் கூடவே ‘இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை, பகுதியே வளரும்’ என்று ஓர் அறிக்கை வந்துவிடுகிறது. எதிர்ப்பவர்கள் ‘எல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தான்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டையும் கேட்டு அலுத்துவிட்டது. கட்டி முடித்துப் பல வருஷம் கழித்து யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? ஏற்கெனவே அங்கே வாழ்ந்தவர்களின் வருமானம் கூடியதா, இல்லை புதிதாக வந்து குடியேறியவர்களையும் சேர்த்துச் சராசரி போட்டுக் கூடியதாகக் காட்டுகிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள்.

பதில் 1

நிறையவே அளந்திருக்கிறார்கள். எனக்குக் கண் திறந்தது, இந்திய அணைகளைப் பற்றிப் பொருளாதார ஆய்வாளர்கள் எஸ்தர் டஃப்லோவும் ரோகிணி பாண்டேயும் 2007இல் வெளியிட்ட ஆய்வு. அணைக்குக் கீழே பாசனம் பெறும் மாவட்டங்களில் விளைச்சல் கூடி வறுமை குறைந்திருக்கிறது, ஆனால் அணை கட்டப்பட்ட மாவட்டத்திலேயே வறுமை கூடியிருக்கிறது. சுமை ஓரிடத்தில், பலன் வேறிடத்தில். இரண்டையும் கூட்டிப் போட்டால் யாருக்கு அடி விழுந்தது என்பதே தெரியாமல் போய்விடும், அதனால்தான் சராசரியைப் பற்றிய உங்கள் சந்தேகம் சரியானது என்கிறேன்.

பெரிய அணைகளால் உலகம் முழுவதும் 4 கோடி முதல் 8 கோடிப் பேர் வரை இடம்பெயர்ந்திருப்பார்கள் என்று உலக அணைகள் ஆணையம் 2000இல் மதிப்பிட்டது. இழப்பீடு பெரும்பாலும் யார் பேரில் ஆவணம் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும். குத்தகைக்கு உழுதவர், அந்த நிலத்தில் கூலிக்குப் போனவர், ஆற்றில் மீன் பிடித்தவர் எல்லோரும் பிழைப்பை இழக்கிறார்கள், ஆனால் பட்டியலில் அவர்கள் பேர் இருப்பதில்லை. எனக்கு இதைவிடப் பெரிய அநியாயம் தெரியவில்லை.

பதில் 2

அணையை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் ரயில் போன மாவட்டங்களில் உண்மையான விவசாய வருமானம் சுமார் 16 சதவீதம் உயர்ந்தது என்று டேவ் டொனால்ட்சன் கணக்கிட்டிருக்கிறார். சரக்கு கொண்டுபோகும் செலவு குறைந்தது, எங்கே எது நன்றாக விளையுமோ அதை விளைவித்து விற்க முடிந்தது, காரணம் அவ்வளவுதான்.

இன்னொன்று, அமெரிக்காவில் 1933இல் தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம். அணை, மின்சாரம், சாலை எல்லாம் சேர்த்து ஒரு ஏழைப் பிரதேசத்துக்கே மத்திய அரசு பணம் கொட்டியது. மானியம் நின்றதும் விவசாய வேலைகளில் வந்த கூடுதல் கரைந்துவிட்டது, தொழிற்சாலை வேலைகள் மட்டும் பல பத்தாண்டுகளுக்குத் தொடர்ந்து வளர்ந்தன. தொழிற்சாலை வேலைக்கு விவசாயத்தைவிடச் சம்பளம் அதிகம் என்பதால் அது சின்ன விஷயம் இல்லை. அரசு முதலீட்டால் ஒரு பகுதியின் தலையெழுத்து மாறும் என்பதற்கு இது சாட்சி. (இந்தத் திட்டத்தின் விளைவை ஆராய்ந்து இதைச் சொன்னவர்களே இன்னொன்றும் சொல்கிறார்கள்: ஆலைகள் ஒன்றுகூடுவதால் அங்கே கிடைத்த லாபத்துக்கு ஈடாக நாட்டின் மற்ற பகுதிகள் இழந்தன.)

பதில் 3

சாலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சாலை இரண்டு பக்கமும் போகும் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். உங்கள் பொருள் நகரத்துக்குப் போகிற அதே வழியில் நகரத்துப் பெரிய ஆலையின் சரக்கு உங்கள் இடத்துக்கும் வரும். சீனாவின் தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தை ஆராய்ந்த பென் ஃபேபர், பெருநகரங்களை இணைக்கப் போட்ட சாலை வழியில் அகப்பட்ட சிறு மாவட்டங்களின் வளர்ச்சி, சாலை கிடைக்காத மாவட்டங்களைவிடக் குறைந்தது என்று 2014இல் எழுதினார். முக்கியமாகத் தொழில்துறைதான் அடிவாங்கியது.

இந்தியாவில் 2000இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்திலும் இப்படித்தான், சாலை வந்த பிறகு விவசாயத்தை விட்டு வேறு வேலைக்குப் போகிறவர்கள் கூடினார்கள், ஆனால் வருமானத்திலோ சொத்திலோ பெரிய மாற்றம் இல்லை என்கிறது ஆஷரும் நோவோசாதும் செய்த ஆய்வு. அதற்காகச் சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போக வழி வேண்டும். சாலை மட்டும் போட்டால் பணம் தானாக வந்துவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

அப்புறம் அந்த வேலைவாய்ப்பு எண்ணிக்கை. ஆயிரம் பேர் 5 வருஷம் வேலை செய்தால் அதை 5,000 ஆள்-ஆண்டு என்று போடலாம், தப்பில்லை. அறிவிப்புக்கு வரும்போது ‘ஆண்டு’ உதிர்ந்து 5,000 வேலை ஆகிவிடும்.

கேள்வி கேட்டவர்

மூன்று பேருக்கும் நன்றி. அப்படியானால் ஒரு திட்டத்தைப் பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், சாதாரண ஆள் என்ன கேட்க வேண்டும்?

பதில் 1

எத்தனை வேலை என்று கேட்காதீர்கள், கட்டி முடிந்த பிறகு எத்தனை வேலை, அதற்கு என்ன படிப்பு வேண்டும், அந்தப் பயிற்சியை இங்கே இருப்பவர்களுக்கு எப்போது தொடங்குவீர்கள் என்று கேளுங்கள். நிலம் இல்லாதவர்களுக்கு என்ன என்று கண்டிப்பாகக் கேளுங்கள். மனை விலை ஏறும்போது வாடகைக்கு இருப்பவர் வெளியே தள்ளப்படுவார், ஏறிய விலையில் ஒரு பங்கை அரசு திரும்ப எடுக்க வழி இருக்கிறதா? ஹாங்காங்கில் ரயில் நிறுவனமே நிலையங்களைச் சுற்றியுள்ள நிலத்தை மேம்படுத்தி, அந்த வருமானத்தில் பாதைகளைக் கட்டியது, ஆகவே முடியாத காரியம் இல்லை.

பதில் 2

பராமரிப்புச் செலவும், கட்டுவதற்கு வாங்கும் கடனும் யார் தலையில் என்பதையும் கேளுங்கள். மான்ட்ரியால் 1976 ஒலிம்பிக்குக்காக வாங்கிய கடன் 2006இல்தான் அடைந்தது.