ஜெர்மன் மொழி: வகுப்பா, வெளியில் பேசிப் பழகுவதா?

வேலைக்குப் போனால் தானாக வந்துவிடுமே, ஜெர்மனியில் குடியேறியவர்களுக்கான அரசு மொழி வகுப்பான இன்டெக்ராட்ஸியோன்ஸ் குர்ஸில் எதற்கு 600 பாடவேளை என்று கேட்டிருந்தீர்கள். தானாக வரும், ஆனால் பாதிதான் வரும்.

காதில் விழாததற்கு வகுப்பு வேண்டும். 'ஒரு' என்று பொருள்படும் 'ஐனென்' என்பதைக் கடைக்காரர் 'நென்' என்று விழுங்குவார். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் டெர், டென், டெம் எல்லாம் வேகப் பேச்சில் கரைந்துவிடும். தப்பாகச் சொன்னாலும் ரொட்டி கையில் வந்துவிடும், யாரும் திருத்தமாட்டார்கள். பல வருடம் இருந்தவர்களிடமும் இந்தப் பிழை இறுகிப்போவது இதனால்தான். பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதவே எழுதாதீர்கள். 'டெர் டிஷ், டீ டிஷெ' (மேசை, மேசைகள்) என்று ஒருமை, பன்மை இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

சொல்வரிசை அப்படியல்ல, அது படிப்படியாகத்தான் வரும். 'ஹொய்டெ' (இன்று) என்று தொடங்கினால் அடுத்தது வினைச்சொல்: 'ஹொய்டெ கேஹெ இஹ்', அதாவது 'இன்று போகிறேன் நான்'. புதியவர்கள் 'ஹொய்டெ இஹ் கேஹெ' என்பார்கள். மொழியியலாளர் மான்ஃபிரெட் பீனெமான் ஜெர்மனியில் வாழ்ந்த இத்தாலியக் குழந்தைகளுக்கு இதையே பாடமாக நடத்திப் பார்த்து 1984இல் எழுதினார். முந்தைய படியை எட்டிய குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள், எட்டாதவர்களுக்குப் பாடம் ஏறவில்லை. ஆகவே விதி புரிந்தும் வாயில் வரவில்லையென்றால் வகுப்பை விட்டுவிடாதீர்கள். அன்று படித்த ஒரே ஒரு அமைப்பை அன்றே மூன்று இடத்தில் சொல்லுங்கள்: பேக்கரி, வேலையிடம், பக்கத்து வீடு. எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறினால் 'பிட்டெ ஆவுஃப் டொய்ச்' (தயவுசெய்து ஜெர்மனில்) போதும், யாரும் தவறாக நினைப்பதில்லை.

நமக்கு ஒரு வசதி உண்டு. 'வைல் இஹ் மூடெ பின்' (ஏனென்றால் நான் களைப்பாக இருக்கிறேன்) என்பதில் 'பின்' கடைசியில் நிற்கிறது, நம் 'இருக்கிறேன்' போலவே. ஆங்கிலம் வழியாக யோசித்தால்தான் அது நடுவே வந்து நிற்கும்.

இன்னொருவரின் பதில்: உச்சரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறில் நெடில் நமக்குச் சுலபம்: 'ஷ்டட்' நகரம், 'ஷ்டாட்' அரசு. சிக்கல் 'ப'வில்தான். ரொட்டி சுடுவதும் பெட்டி கட்டுவதும் நம் எழுத்தில் 'பக்கென்' தான், அவர்களுக்கு இரண்டு வேறு சொற்கள். உள்ளங்கையை வாய்க்கு முன் வையுங்கள். பெட்டி கட்டும் 'ப'வில் காற்று பளிச்சென்று படும், ரொட்டி 'ப'வில் படாது. இப்படிப்பட்ட பத்து ஜோடிச் சொற்களை வகுப்புத் தோழர் ஒருவரைக் கலந்து சொல்லச் சொல்லி, எது என்று எழுதிப் பாருங்கள். காது பிரித்த பிறகுதான் நாக்கு பிரிக்கும்.